மாமியாருக்குக் குரல் போனபோது

முப்பது வயது தாண்டிய கொஞ்ச நாளில் நான் மாமியாராகிவிட்டேன். ரேடியோவில்தான். வீட்டில் என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ரேடியோவில் விளம்பரத்தோடு நாடகங்கள் வர ஆரம்பித்திருந்தன. ஒரு சோப்பு கம்பெனியின் செலவில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு குடும்பத் தொடர். கால் மணி நேரம். அதில் பாதி சோப்பு நுரைக்கே போய்விடுகிறது என்பார் என் கணவர். மீதி நேரத்தில் ஒரு வீடு, ஒரு மாமியார், ஒரு மருமகள், இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மகன். சில மாதங்களில் முடிந்துவிடும் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிகிறவரை அது ஓடியது.

கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் சில சபா நாடகங்களில் நடித்திருக்கிறேன். தோழி வேஷம், பக்கத்து வீட்டுப் பெண் வேஷம். கல்யாணமாகி செங்கல்பட்டுக்கு வந்தபின் அதெல்லாம் நின்றுபோனது. கணவருக்கு ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை. மகள் பிறந்த பிறகு என் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே வந்தது. முதலில் சளி என்று நினைத்தோம். பிறகு அதுதான் என் குரல் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது.

அந்தத் தொடரை எழுதி இயக்கியவர் பழைய சபா நாட்களில் என்னைப் பார்த்தவர். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். அன்று காலை நான் வாசலில் நின்று, முழம் குறைத்து அளந்துவிட்டதாகப் பூக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பந்தலிலிருந்து எழுந்து வந்து, சண்டை முடியும்வரை காத்திருந்து, "இந்தக் குரலை அப்படியே எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் மெட்ராஸ் வந்துடுங்கம்மா" என்றார்.

ஒலிப்பதிவு கோடம்பாக்கம் பக்கம் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் நடக்கும். சத்தம் வெளியே போகாமலும் உள்ளே வராமலும் இருக்கச் சுவரெல்லாம் சாக்கும் தென்னை நார் மெத்தையும் அடித்திருந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக். மருமகளாக நடித்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது அதிகம். கல்லூரிக்குப் போகிற மகன்கள் இருந்தார்கள். ஆனால் வாயைத் திறந்தால் பாவாடை தாவணிப் பெண் பேசுவது போலிருக்கும். ஆள் குள்ளம், அதனால் ஒரு பலகை போட்டு அதன்மேல் நிற்பார். நான் அவரை "அக்கா" என்பேன். அவர் என்னை "கண்ணு" என்பார். மைக் முன்னால் நின்றதும் நான் அவரை "மூதேவி" என்று திட்டுவேன், அவர் "மன்னிச்சிடுங்க அத்தை" என்று விசும்புவார். வசனம் முடிந்ததும் முந்தானையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து என் கையில் கொட்டுவார்.

எனக்குச் சொந்தமாக மாமியார் கிடையாது. நான் வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. செங்கல்பட்டு மார்க்கெட்டில் நான் வாயைத் திறந்தால் போதும், கத்தரிக்காய்க்காரி நிமிர்ந்து பார்ப்பாள். "யம்மா, அந்த மாமியாரு நீதான? அந்தப் பொண்ண ஏன் அப்பிடிப் படுத்தற?" என்பாள். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. சில பேர் என் மகளைப் பார்த்து, வீட்டில் அம்மா அடிப்பாங்களா என்று தனியாக விசாரித்ததும் உண்டு. அவள் ரொம்ப நாள் அதை என்னிடம் சொல்லவில்லை.

ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பதிவு இருக்கிற நாளில் காலை ரயிலில் ஏறி உட்கார்ந்து, கொளவாய் ஏரித் தண்ணீர் ஜன்னலில் வரும்போது அன்றைய வசனத்தை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அந்த ஒரு நாள் முழுக்க நான் யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை.

தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வருஷம், தை மாதம் கழிந்து வெயில் ஏறும் சமயம், பேசும்போது நடுவில் வார்த்தைகள் காணாமல் போக ஆரம்பித்தன. "வெளியே போ" என்று கத்தினால் "வெளி" மட்டும் வரும், மீதி காற்றாகப் போகும். மிளகுப்பால் குடித்தேன். அதிமதுரம் மென்றேன். ஆவி பிடித்தேன். ஒரு பதிவில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தும் சரியாக வராமல், அக்கா பலகையிலிருந்து இறங்கி வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது சளி இல்ல கண்ணு. டாக்டர்கிட்ட போ. நாளைக்கே போ."

மெட்ராஸில் ஒரு தொண்டை டாக்டர். கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கினார். மூச்சுப் பட்டு மங்கக்கூடாது என்பதற்காகவாம். அதைத் தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு என் தொண்டைக்குள் விட்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குரல் நாண்ல ஒரு சதை வளர்ந்திருக்கு. எடுத்துடலாம். எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்புவோம்."

"டெஸ்டுன்னா எதுக்குங்க?" என்று கணவர் கேட்டார்.

"எதை எடுத்தாலும் அனுப்புறதுதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது.  திரும்பி வரும் ரயிலில், கணவர் தாம்பரத்தில் இறங்கி எனக்கு ஒரு டீ வாங்கி வந்தார். தனக்கு வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "சோப்பு கம்பெனிக்காரங்க வேற ஆளைப் போடச் சொல்லுவாங்க. நான் எப்படியாவது சமாளிக்கிறேன்" என்றார். அதை நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, இத்தனை வருஷம் கிடைத்ததே பெரிசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது வேலை போவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்ததால், வேலை போவது அவ்வளவாக வலிக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் உத்தரவு கறாராக இருந்தது. சில வாரங்களுக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசு என்று பேசுவது இன்னும் மோசம். இருமக்கூடாது, முடிந்தால் அழவும் கூடாது. டெஸ்ட் முடிவு வர நாளாகும்.

செங்கல்பட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது நடக்காத காரியம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "என்ன ஆச்சு?" என்று என்னிடமே கேட்டார்கள். நானும் மறந்துபோய் வாயைத் திறந்துவிடுவேன். மகள் ஓடி வந்து என் வாயைப் பொத்துவாள். பரீட்சை நேரம் வேறு. அவளையும் அவள் அப்பாவையும் விட்டுவிட்டு, மாமல்லபுரத்தில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்குப் போவது என்று முடிவானது. அவள் கணவருக்குத் தபாலாபீஸில் வேலை. மீனவர் குப்பத்தை ஒட்டி வீடு.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் கணவர் ஏற்றிவிட்டார். அங்கே மலையிறங்கி வந்த கூட்டம் ஏறியது. என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, கோயில் கழுகு இரண்டும் வந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் போனதை ஆரம்பத்திலிருந்து சொன்னார். நான் தலையாட்டினேன். அவருடைய மூட்டுவலியைச் சொன்னார். தலையாட்டினேன். இறங்கும்போது "உன்ன மாதிரி பொறுமையா கேக்கறவங்கள பாத்ததே இல்லம்மா" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் பொறுமைசாலி என்று யாரும் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாத்தனார் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. பாயை விரித்துப்போட்டாள். "படுங்க அண்ணி. இங்க உங்கள யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

தினமும் காலையில் மீன் கொண்டுவருகிற ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஊர்க்கதை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் போவாள். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு நாத்தனாரிடம் கேட்டாள்.

"யாரும்மா இது, புச்சா கீறாங்க?"

"எங்க அண்ணி. செங்கல்பட்டு. தொண்டையில ஆபரேசன் பண்ணியிருக்காங்க, பேசக்கூடாது."

"பேசக்கூடாதா? நானாயிருந்தா செத்தே பூடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கூடையில்லாமல் வந்தாள். அவள் வீட்டில் ரேடியோ இல்லை. எங்கள் தொடரைக் கேட்க வாராவாரம் நாத்தனார் வீட்டுக்குத்தான் வருவாளாம். நாத்தனார் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். நான் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன்.  என் இடத்தில் யாருடைய குரல் வரப்போகிறதோ என்றிருந்தது.

யார் குரலும் வரவில்லை.

மருமகள் வீட்டுக்குள் வந்து "அத்தை" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. டொக், டொக் என்று வெற்றிலை இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மகன் வந்து, "அம்மா ஏன் பேச மாட்டேங்கிறாங்க?" என்றான். மருமகள் அழுகிற குரலில், "நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்ததிலேருந்து இப்படித்தாங்க. யார்கிட்டயும் பேசறதில்ல" என்றாள். டொக். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, மெதுவாக, டொக்.

மாமியாரை இயக்குநர் வெளியே அனுப்பவில்லை. பேசாவிரதம் இருக்க வைத்துவிட்டார். என் வேலையை ஒரு சின்ன இரும்பு உரல் பார்த்துக்கொண்டிருந்தது. நாடகத்துக்குப் பின்னணிச் சத்தங்கள் தருகிறவர் எவ்வளவு கவனமாக அதை இடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கோபத்துக்கு ஒரு இடி, சந்தேகத்துக்கு ஒரு இடி. சோப்பு விளம்பரம் வந்ததும் மீன்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியாம்மா. கம்முனு கீறா. இன்னாமோ நடக்கப் போவுது."

"கோவமா இருக்காபோல" என்றாள் நாத்தனார்.

"கோவமா? இத்தினி நாளு கத்திக்கினு கெடந்தா, அது ஒண்ணுமே இல்ல. இதான் டேஞ்சரு. அந்தப் பொண்ணு துணிமணிய எடுத்துக்கினு ஆத்தா வூட்டுக்கே போயிடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாம்மா சொல்ற?"

நான் என்ன சொல்வது? பயந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டேன். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. சிரிப்பை அடக்கத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். சிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைக்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களிலும் உரல்தான் பேசியது. அந்த ஞாயிறுகள் எனக்குத் தெம்பாக இருந்தன. மற்ற நாட்களில் டெஸ்ட் முடிவின் நினைப்புத்தான். சாயங்காலம் நாத்தனாரோடு கடற்கரைக்குப் போவேன். அவள் வலை காய்கிற இடத்தைத் தாண்டிப் போய் உட்காருவாள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகளை இவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைப்பேன். உடனே, அப்படி நினைக்கக்கூடாது என்று நினைப்பேன். வாய் சும்மா இருந்தால் மனசு இவ்வளவு பேசும் என்று எனக்கு முன்னால் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் கணவர் நின்றார். முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சட்டை முழுவதும் வேர்த்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"மீன் குழம்பா? எனக்கும் ஒரு தட்டு போடும்மா" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

நான் முறத்தோடு எழுந்து நின்றேன். என்னால் வாய்திறந்து கேட்க முடியாது. கெட்ட செய்தி கொண்டுவருகிறவன் குழம்பு கேட்பானா என்று ஒரு பக்கம் தோன்றியது. இந்த மனுஷன் கேட்டாலும் கேட்பார் என்று இன்னொரு பக்கம். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்தார்.

"அட, நான் இன்னும் சொல்லலையா? ஒண்ணுமில்லையாம். வெறும் சதைதானாம். வேற எதுவும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரிசி சிதறியது. அழக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்ததால் சத்தம் வராமல் அழுதேன். நாத்தனார்தான் எங்கள் இருவருக்கும் சேர்த்து சத்தமாக அழுதாள். கணவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கை சோற்றில் இருந்தது, பிசையவில்லை. 

"காலையிலேயே தெரிஞ்சுடுச்சு" என்றார் தட்டைப் பார்த்தபடி. "செங்கல்பட்டுல இறங்கி, சந்தோஷத்துல மதுராந்தகம் பஸ்ல ஏறிட்டேன். படாளம் வந்தப்பதான் கண்டக்டர், எங்க சார் போறீங்கன்னு கேட்டார். மாமல்லபுரம்னு சொன்னேன். பஸ்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் இறங்கித் திரும்பி வந்தேன்."

அன்று அவர் மூன்று பேர் சோற்றைச் சாப்பிட்டார். சாப்பிட்ட இடத்திலேயே படுத்துத் தூங்கிப்போனார்.

பேசலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த நாளில், மறுபடி அந்தக் கண்ணாடியைச் சூடாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கு. ஏதாவது பேசுங்க" என்றார்.

"என்ன பேசறதுங்க?" என்றேன்.

சொல்லிவிட்டு நானே திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரோ பேசியது போல இருந்தது. தெளிவான, மெல்லிய, சின்னப் பெண்ணின் குரல். கணவரும் திரும்பிப் பார்த்தார். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "இதுதான் உங்க குரல். அந்தச் சதை பல வருஷமா இதை அமுக்கி வெச்சிருந்தது" என்றார். இனிமேல் கத்தக்கூடாது, குரலைக் கட்டையாக்கிப் பேசக்கூடாது, பேசினால் திரும்ப வளரலாம் என்றும் சொன்னார்.

ரயிலில் கணவர் என்னை விடவில்லை. "தாம்பரம் வந்தாச்சான்னு கேளு" என்பார். கேட்பேன். "மணி என்னன்னு கேளு" என்பார். கேட்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வார். வீட்டில் மகள் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, வெளையாடாத. நெஜமாப் பேசு" என்றாள்.

உயிருக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் மற்றதை யோசிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. யோசித்தபோது விஷயம் தெளிவாக இருந்தது. பூக்காரியோடு சண்டை போட்ட குரலுக்குத்தான் அந்த வேலை கிடைத்தது. அந்தக் குரல் இப்போது ஏதோ ஒரு கண்ணாடிப் புட்டியில் கிடக்கிறது. இயக்குநரிடம் நேரில் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கார் ஷெட்டுக்குள் நுழைந்து "வணக்கம் சார்" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்காதான் முதலில் சிரித்தார். "கண்ணு, என்னோட வேலைக்கு உலை வெச்சுட்டியே" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் கட்டையாப் பேச முடியாதாம்மா?" என்று இயக்குநர் கேட்டார்.

"டாக்டர் கூடாதுன்னுட்டார் சார். கத்தவும் கூடாது."

"சரி, வந்தது வந்தீங்க. ஒரு தடவை படிச்சுப் பாருங்க. என் திருப்திக்கு."

பேசாவிரதம் முடிந்து மாமியார் முதல்முதலாக வாய் திறக்கிற காட்சி. மருமகள் கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாக வருகிறாள். "எங்கடி போயிருந்தே இவ்வளவு நேரம்?" என்று கூரை பறக்கக் கத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் மைக் பக்கத்தில் போனேன். தொண்டைக்குள் தையல் மாதிரி ஏதோ இன்னும் இருக்கிற பயம். ஒவ்வொரு வார்த்தையையும் உடையாமல் எடுத்து வைக்கிற மாதிரி, மெதுவாக, பிரியமாகக்கூட, கேட்டேன்.

"எங்கடி போயிருந்தே... இவ்வளவு நேரம்?"

 எத்தனையோ வருஷமாக என்னோடு நடித்த அக்கா, பலகையின்மேல் தாளைப் பிடித்தபடி நின்றார். அடுத்த வசனம் மறந்துபோய்விட்டது அவருக்கு. சத்தங்கள் தருகிறவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"சார், எனக்கே பதில் சொல்லணும்போல இருந்துச்சு" என்றார். "கோயிலுக்குத்தான் போனேன்னு."

இயக்குநர் பேனாவை எடுத்து, அந்தக் காட்சியில் ஆச்சரியக்குறி இருந்த இடத்திலெல்லாம் அடித்துக்கொண்டே போனார். அன்று மத்தியானமே பதிவு செய்தோம்.

அதன்பிறகு மாமியார் கத்தியதே இல்லை. கேட்டவர்கள் முதலில் குழம்பினார்களாம், அவள் திருந்திவிட்டாள் என்று சிலர், நடிக்கிறாள் என்று பலர். மாமல்லபுரத்து மீன்காரம்மா இரண்டாவது கட்சி என்று நாத்தனார் சொன்னாள். "தேனாட்டம் பேசறா பாரு, நம்பாத" என்று ரேடியோவைப் பார்த்து மருமகளுக்குப் புத்தி சொல்வாளாம். சோப்பு கம்பெனிக்காரர்களுக்கும் சந்தோஷம். எனக்கோ தொண்டை வலி இல்லாமல் வீடு திரும்புவதே பெரிய சந்தோஷமாக இருந்தது. மார்க்கெட்டில் பேரம் பேசினால் இப்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கத்தரிக்காய்க்காரி என்னை வேறு யாரோ என்று நினைத்து, அந்த மாமியார் ஊரைவிட்டே போய்விட்டதாக என்னிடமே சொன்னாள்.  வருஷத்துக்கு ஒருமுறை அந்த டாக்டரிடம் போவேன். கண்ணாடியை விளக்கில் காட்டுவார், பார்ப்பார், "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்பார்.

பத்தாண்டின் கடைசியில் சோப்பு கம்பெனி நிறுத்திக்கொண்டது. இயக்குநருக்கு மாமியாரைச் சாகடிக்க மனசில்லை. மகன், மருமகளோடு காசிக்கு ரயிலேற்றிவிட்டார். கடைசிப் பதிவு முடிந்ததும் போண்டாவும் காபியும் வந்தன. அக்கா, பலகையைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அழுகை, மாலை ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் அடுத்த வாரம் வேறு வேலை இருந்தது, எனக்கும் ஒரு புது நாடகத்தில் கல்லூரிப் பெண் வேஷம் சொல்லியிருந்தார்கள்.

வெயில் தாழ்ந்திருந்தது. மாம்பலத்தில் ரயில் ஏறினேன், ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு சாய்ந்தேன். கிண்டி தாண்டும்போதே கண் சொக்கியது. அந்த வண்டி செங்கல்பட்டோடு நின்றுவிடும், இறங்குகிற இடத்தைத் தவறவிடப் பயமில்லை. நன்றாகத் தூங்கினேன்.